எந்த எலி பிழைத்தது?

மத்தியான வெயிலில் செந்தூல் எல்ஆர்டி நிலையத்திலிருந்து வீட்டுக்குப் பத்து நிமிடம் நடந்து வந்தால், என் சித்தி மகளுக்கு வலது கண் மங்கிவிடும். உள்ளே வந்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு, காற்றாடிக்கு நேரே உட்கார்ந்து, ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொள்வாள். எதிர்ச் சுவரில் தொங்கும் காலண்டரையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளின் சிவப்பு முதலில் வெளிறித் தெரியும். அரை மணி நேரத்தில் அந்தச் சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும். வந்ததும், "சரி, இப்ப டீ போடலாம்" என்று எழுந்துவிடுவாள். தமிழ்ப்பள்ளி ஆசிரியை. மூன்று வருடமாக இப்படித்தான்.

இந்த மங்கலைப் பற்றி 1890-இலேயே எழுதி வைத்தவர் வில்ஹெல்ம் ஊத்தாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர். கோளாறு கண்ணில் இல்லை; கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் இருக்கிறது. அந்த நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற கொழுப்பு உறை, இடையிடையே உரிந்துபோயிருக்கிறது. உறை போன இடத்தில் சமிக்ஞை தட்டுத் தடுமாறித்தான் கடக்கும். உடம்புச் சூடு அரை டிகிரி கூடினாலும் அங்கேயே நின்றுவிடும். அவள் கணவர் வயர்மேன். டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்து, "செம்பு நல்லாத்தான் இருக்கு மச்சான், மேல ரப்பர்தான் போச்சு. அப்படித்தானே?" என்று என்னிடம் கேட்டார். முக்கால்வாசி சரி. ஆனால் வயரின் ரப்பர் மின்சாரம் கசியாமல் காப்பதோடு சரி. மயலின் அதற்கும் மேல் ஒரு வேலை செய்கிறது. உறைத்துண்டுகளுக்கு நடுவே சின்னச் சின்ன இடைவெளிகள் உண்டு. சமிக்ஞை ஒரு இடைவெளியிலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவிப் போகிறது. அதனால்தான் விநாடிக்கு 100 மீட்டர் வரை அதனால் ஓட முடிகிறது. உறை இல்லாத மெல்லிய இழையில் அந்த வேகம் விநாடிக்கு ஒரு மீட்டர் அளவுக்குத்தான்.

அப்புறம் இன்னொன்றையும் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. ரப்பர் இல்லாத செம்பு அப்படியே கிடக்கும். உறை இல்லாத நரம்பிழை நாளாக நாளாகத் தானும் செத்துப்போகும்.

அவளுக்கு இருப்பது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்எஸ். மலேசியாவில் இது அபூர்வமான நோய். கிட்டத்தட்ட இதே முகத்தோடு வரும் நியூரோமயலைட்டிஸ் ஆப்டிகா என்ற வேறொரு நோயும் ஆசிய நாடுகளில் கணிசமாக உண்டு. அதனால் இங்குள்ள நரம்பியல் மருத்துவர்கள் முதலில் அக்குவாபோரின்-4 என்ற புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எம்எஸ் என்று சொல்வார்கள். அந்த ஆன்டிபாடி 2004-இல் தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன் இரண்டையும் ஒன்றாகவே எண்ணி ஒரே மருந்து கொடுத்தார்கள். எம்எஸ்ஸுக்கு உதவும் சில மருந்துகள் மற்ற நோயைக் கிளறிவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி உரிந்த உறை; உரித்த கை வேறு. இந்தக் கட்டுரை முழுக்க இந்த வேறுபாட்டைப் பற்றியதுதான்.

போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினாள். பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு ஊர்ந்த ஒரு சுண்டெலி, எலும்பு மஜ்ஜை மாற்றிய பிறகு கூண்டுக்குள் நடக்கிறது. கீழே அவள் எழுதியிருந்தாள்: "அண்ணா, எலிக்கு முடியுதுன்னா எனக்கு ஏன் முடியாது?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல எனக்கு நான்கு நாள் ஆனது. எந்த எலி என்று முதலில் பார்க்க வேண்டியிருந்தது.

எம்எஸ்ஸை ஆராய இரண்டு வகைச் சுண்டெலிகளை முக்கியமாகப் பயன்படுத்துகிறார்கள். இரண்டின் கதையும் ஒரே ஊரில், ஒரே பத்தாண்டில் தொடங்கியது வியப்பான விஷயம். நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் 1933-இல் தாமஸ் ரிவர்ஸ் என்பவர் குரங்குகளுக்கு மூளைத் திசுச் சாற்றைத் திரும்பத் திரும்ப ஊசியாகப் போட்டார். சில குரங்குகளுக்குத் தங்கள் மூளையின் மயலின் மீதே உடம்பு பாய்ந்து, உறை உரிந்தது. கிருமி எதுவும் இல்லை. காவல் காக்க வேண்டிய வெள்ளணுக்கள் சொந்த வீட்டையே தாக்கின. பின்னாளில் இதையே சுண்டெலிகளில் செய்யப் பழகினார்கள். மயலின் புரதத்தின் ஒரு துண்டை, தூண்டுபொருளோடு கலந்து தோலுக்கு அடியில் போட்டால் போதும், சில வாரங்களில் வால் தொய்யும், அப்புறம் பின்னங்கால்கள். ஈஏஈ என்று இதைச் சுருக்கமாகச் சொல்கிறார்கள்.

இரண்டாவது எலிக்குத் தொடக்கத்தில் மனிதர் எதையும் போடவில்லை. அதே வளாகத்தில் மஞ்சள் காய்ச்சலை ஆராய்ந்துகொண்டிருந்தவர் மாக்ஸ் தைலர். தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர்; மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்காக 1951-இல் நோபல் பரிசு பெற்றவர். அவருடைய கூண்டுகளில் இருந்த சில சுண்டெலிகளுக்குத் தானாகவே கால் விளங்காமல் போனது. வேறு யாராவது இருந்தால் அந்த எலிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். அவர் அவற்றின் முதுகுத்தண்டை அரைத்து வேறு எலிகளுக்குப் போட்டுப் பார்த்து, காரணம் ஒரு வைரஸ் என்று 1934-இல் எழுதினார். போலியோ வைரஸின் உறவுக்காரன் அது. இன்றும் அவர் பெயரிலேயே தைலர் வைரஸ் என்கிறார்கள். அந்தத் தொற்றில் மயலின் உரிவதை 1952-இல் கவனித்தார்கள். தொற்று நாள்பட்டு நீடித்து உறையை உரிக்கிறது என்று 1975-இல் ஹோவர்ட் லிப்டன் விளக்கமாகக் காட்டிய பிறகுதான் எம்எஸ் ஆராய்ச்சியாளர்கள் இந்த எலியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இந்த நோய் எப்படி வளர்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எஸ்ஜேஎல் என்ற வெள்ளைச் சுண்டெலி இனத்துக்கு மூளையில் இந்த வைரஸைச் செலுத்துகிறார்கள். சுண்டெலியின் மூளை அரை கிராம்கூட எடை இருக்காது. முதல் சில வாரங்கள் பெரிதாக ஒன்றும் தெரியாது. தின்னும், ஓடும், கூடு கட்டும். ஒரு மாதம் கழிந்ததும் நடை மாறும். இடுப்பு இரண்டு பக்கமும் ஆடி ஆடி வாத்து நடப்பது போல நடக்கும். பிறகு பின்னங்கால்கள் விறைக்கும். சிறுநீரை அடக்க முடியாமல் வயிற்று ரோமம் நனைந்தே இருக்கும். ஆய்வுக்கூடத்தில் அதை மல்லாக்கப் போட்டு, எத்தனை விநாடியில் புரண்டு எழுகிறது என்று கணக்கெடுப்பார்கள். நல்ல உடல்நிலையில் இருக்கும் எலியை மல்லாக்கப் போடவே முடியாது, கையை எடுப்பதற்குள் எழுந்துவிடும். நோய் முற்றியது காலை உதைத்துக்கொண்டு அப்படியே கிடக்கும். அந்த விநாடிகளை எண்ணுகிற வேலை எளிதான வேலை இல்லை. நாம் சாப்பிடும் மாத்திரை ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் அப்படிக் கிடந்த உயிர்கள் இருக்கின்றன.

இதே வைரஸை சி57 கருப்பு இன எலிக்குப் போட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் அது வைரஸை முழுக்க விரட்டிவிடும். உறை உரிவதில்லை. தொற்றிய அணுக்களைக் கொல்லும் வெள்ளணுக்கள் உண்டு, கொலைகார டி அணுக்கள் என்பார்கள்; எஸ்ஜேஎல் எலியில் அவற்றால் வைரஸை முழுக்க விரட்ட முடிவதில்லை. அடக்கி மட்டும் வைக்கின்றன. வைரஸ் மூளையின் துப்புரவு அணுக்களான மைக்ரோக்ளியாவிலும், கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்களான மேக்ரோபேஜ்களிலும், மயலினைச் செய்யும் அணுக்களிலும் ஒதுங்கி வாழ்நாள் முழுக்க இருந்துவிடுகிறது. அதைத் தேடி வரும் டி அணுக்கள் அங்கே ஓயாமல் சண்டை போடுகின்றன. அந்தச் சண்டையில் உறை சிதறுகிறது. சிதறிய மயலின் துண்டுகளைப் பார்த்துப் பழகி, புதிதாக ஒரு கூட்டம் டி அணுக்கள் மயலினையே எதிரியாக எண்ணத் தொடங்குகின்றன. சிக்காகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் மில்லர் குழு 1997-இல் இதைக் காட்டியது: முதலில் வைரஸுக்கு எதிரான அணுக்கள், பல வாரம் கழித்துத்தான் சொந்த மயலினுக்கு எதிரானவை. ஆக, நோய் முற்றிய ஒரு எஸ்ஜேஎல் எலியின் முதுகுத்தண்டில் ஒரே சமயத்தில் வைரஸும் இருக்கிறது, அதைக் கட்டி வைத்திருக்கும் காவலும் இருக்கிறது, வழிதவறிய காவலும் இருக்கிறது.

இப்போது அந்தச் சிகிச்சைக்கு வருவோம். எலும்பு மஜ்ஜை மாற்று பிறந்ததே சுண்டெலியில்தான். 1949-இல் சிக்காகோவில் லியோன் ஜேக்கப்சன், எலியின் மண்ணீரலை ஈயத்தால் மறைத்துவிட்டுச் சாகடிக்கும் அளவுக்குக் கதிர்வீச்சு கொடுத்தார், எலி பிழைத்தது. 1951-இல் ஈகான் லோரென்ஸ் குழு, கதிர்வீச்சு பட்ட எலிக்கு வேறொரு எலியின் மஜ்ஜையை ஊசியில் ஏற்றிக் காப்பாற்றியது. காப்பாற்றியது எந்த அணு என்பதற்கு 1961-இல் டொரோண்டோவில் டில்லும் மெக்கலக்கும் கண்ணால் பார்க்கக்கூடிய சாட்சி கொடுத்தார்கள்: மஜ்ஜை ஏற்றிய எலியின் மண்ணீரலில் சிறு சிறு முடிச்சுகள் முளைத்திருந்தன, ஒவ்வொரு முடிச்சும் ஒரே ஒரு மூல அணுவிலிருந்து பெருகியது என்று பின்னர் உறுதியானது. ஸ்டெம் செல் என்று இன்று விளம்பரப் பலகைகளில் எழுதுகிறார்களே, அதற்கு அச்சாரம் அந்த முடிச்சுகள்.

செய்முறை இப்படி. இன்னொரு எலியின் தொடையெலும்பை, ஒன்றரை சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும், இரண்டு முனையையும் வெட்டி, ஊசியால் உப்புநீரைச் செலுத்தினால் மஜ்ஜை சிவப்பு நூலாக வெளியே வழியும். நோயுற்ற எலிக்குக் கதிர்வீச்சு கொடுத்து ரத்தம் உண்டாக்கும் அணுக்களையும் வெள்ளணுக்களையும் அழித்துவிட்டு, மஜ்ஜையை வாலில் உள்ள ரத்தக்குழாயில் ஏற்றுகிறார்கள். உள்ளினச் சேர்க்கையால் ஒரே மரபணுவோடு பிறந்த எலிகள் என்பதால், ஒன்றின் மஜ்ஜை மற்றதற்குச் சொந்த மஜ்ஜை போலத்தான். பழைய அணுக்கள் போய்விட்டன, புதியவை பிறக்கின்றன; புதியவை மயலினை எதிரியாகக் கற்றிருக்கவில்லை. எம்எஸ்ஸுக்கு இதைச் செய்யலாம் என்ற எண்ணத்தின் அடிப்படை இவ்வளவுதான்.

சரி, பலித்ததா? ஈஏஈ எலியில் பலித்தது. ரிச்சர்ட் பர்ட் என்பவரின் குழு, அதே நார்த்வெஸ்டர்னில், 1998-இல் எழுதியதன்படி, நோயின் ஆரம்பக் கட்டத்திலேயே மஜ்ஜை மாற்றிய எலிகள் தேறின. நாள்பட்ட பிறகு மாற்றியவற்றில் வீக்கம் குறைந்தாலும் நடை திரும்பவில்லை. வயர்மேன் மாப்பிள்ளையிடம் நான் சொன்ன செய்தி அங்கே இருக்கிறது: உறை போனால் சரிசெய்ய வாய்ப்பு உண்டு, உள்ளே இழையே போன பிறகு மஜ்ஜையால் செய்ய ஒன்றுமில்லை. என் தங்கை அனுப்பிய வீடியோவில் நடந்தது இந்த ஈஏஈ எலி, அதுவும் ஆரம்பக் கட்டத்து எலி.

அதே குழு அடுத்த ஆண்டே, 1999-இல், தைலர் வைரஸ் தொற்றிய எஸ்ஜேஎல் எலிகளில் இதே சிகிச்சையைச் செய்தது. ரத்தவியல் ஆய்விதழான பிளட் அதை வெளியிட்டது. கட்டுரையின் தலைப்பே முடிவைச் சொல்லிவிடுகிறது: மைய நரம்பு மண்டலத்தில் வைரஸ் அளவுக்கு மீறிப் பெருகியது, எலிகள் பெருமளவில் இறந்தன. நடக்கும் என்று எதிர்பார்த்து மஜ்ஜை மாற்றிய எலிகளின் நிலை மோசமானது. மூளையையும் முதுகுத்தண்டையும் எடுத்துப் பார்த்தபோது, அதுவரை மூலை முடுக்குகளில் அடங்கிக் கிடந்த வைரஸ் எங்கும் பரவியிருந்தது.

ஏன் என்பது யோசித்தால் புரியும். நம் அடுக்குமாடிகளில் நடப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். காவலுக்கு இருக்கும் ஜாகாக்கள் இரண்டு பேர் ராத்திரியில் குடியிருப்பவர்களையே மிரட்டுகிறார்கள் என்று தெரிகிறது. நிர்வாகம் எல்லா ஜாகாக்களையும் ஒரே நாளில் அனுப்பிவிட்டுப் புது ஆட்களுக்குச் சொல்லி வைக்கிறது. அவர்கள் வந்து சேர ஒரு மாதம் ஆகும். மிரட்டியது அந்த இரண்டு பேர் மட்டும்தான் என்றால் அந்த ஒரு மாதம் நிம்மதி. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு திருடன் ஏற்கெனவே பதுங்கியிருந்தால்? ஜாகாக்கள் அவ்வளவு முரட்டுத்தனமாக நடந்துகொண்டதே அவன் வாசனை பட்டுத்தான் என்றால்?

மஜ்ஜை மாற்றியதும் வெள்ளணுக்களில் சில வகைகள் இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிடும். ஆனால் வைரஸ் தொற்றிய அணுக்களைத் தேடிக் கொல்லும் டி அணுக்கள் தைமஸ் சுரப்பியில் பாடம் படித்துத்தான் வெளியே வர வேண்டும். எலிக்கே அதற்கு வாரக்கணக்கு, மனிதருக்கு மாதக்கணக்கு, வயதானவருக்கு அதற்கும் மேல். அந்த இடைவெளி வைரஸுக்குப் போதும். இதற்கு முன்பே அறிகுறி இருந்தது. தைமஸே இல்லாமல் பிறக்கும் மொட்டைச் சுண்டெலிகளுக்குத் தைலர் வைரஸைப் போட்டால் அவை வைரஸை அடக்க முடியாமல் இறந்தன, காவலே இல்லாத அந்த எலிகளிலும் மயலின் உரிந்தது. காவல் மட்டும்தான் குற்றவாளி என்ற எண்ணத்தில் அப்போதே ஓட்டை விழுந்துவிட்டது. ஆனால் அதற்கு நேர்மாறான சான்றும் இருந்தது: லிப்டனும் மவுரோ டால் கான்ட்டோவும் 1976-இல், எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கினால் மயலின் உரிவது தடுக்கப்படுகிறது என்று காட்டியிருந்தார்கள். இரண்டும் உண்மை. சண்டையால் உறை போகிறது. சண்டையை நிறுத்தினால் வைரஸால் உயிர் போகிறது.

இந்த 1999 கட்டுரையை நான் இவ்வளவு முக்கியமாக எண்ணுவதற்கு ஒரு காரணம், அதை எழுதியவர்கள் இந்தச் சிகிச்சையின் எதிரிகள் இல்லை. மனிதர்களுக்கு இதைச் செய்ய வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தவர்கள். கிரேக்க நாட்டின் தெசலோனிகியில் அத்தனாசியோஸ் ஃபாசாஸ் 1995-இலேயே எம்எஸ் நோயாளிகளுக்கு இதைத் தொடங்கி 1997-இல் எழுதியும் விட்டார். அந்தச் சமயத்தில் தங்களுக்குப் பாதகமான முடிவை மறைக்காமல் அச்சிட்டார்கள். எம்எஸ்ஸுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஒரு வைரஸ் இருக்குமானால் இந்தச் சிகிச்சை ஆபத்தாகலாம் என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறது.

மூளைக்குள் வைரஸ் ஒளிந்திருக்க முடியும் என்பதை மலேசியர்களுக்கு நிரூபித்துக் காட்ட வேண்டியதில்லை. 1998 கடைசியில் ஈப்போ பக்கத்திலிருந்து தொடங்கி நெகிரி செம்பிலானுக்குப் பரவிய நிப்பா நினைவிருக்கும். முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே எண்ணிக் கொசு மருந்து அடித்தார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் புது வைரஸைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பா என்ற ஊரின் பெயர் அதற்கு வந்தது. 265 பேருக்குத் தொற்று, 105 பேர் மரணம், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. அதற்குப் பிறகு நடந்ததுதான் பலருக்குத் தெரியாது. பிழைத்து வீடு திரும்பிய சிலருக்கு மாதங்கள், வருடங்கள் கழித்து மூளைக்காய்ச்சல் மறுபடி வந்தது. முதலில் லேசான காய்ச்சலோடு தப்பியவர்களிலும் சிலருக்குப் பின்னால் வந்தது. நிப்பா மயலினை உரிக்கும் நோய் இல்லை, ஆனால் அடங்கியதாக நாம் நினைத்த வைரஸ் மூளையிலேயே குடியிருந்திருக்கிறது.

மயலின் கதையில் மனிதருக்கு நடந்த சோதனை வேறொன்று. ஜேசி என்ற வைரஸ் பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் உடம்பில், பெரும்பாலும் சிறுநீரகத்தில், எந்தத் தொந்தரவும் தராமல் இருக்கிறது. எதிர்ப்புச் சக்தி சரிந்தால் மூளைக்குப் போய், மயலினைச் செய்யும் அணுக்களைத் தின்றுவிடும். பிஎம்எல் என்ற இந்த நோயை எய்ட்ஸ் நோயாளிகளிடம் முன்பு அதிகம் பார்த்தார்கள். 2004 நவம்பரில் நட்டலிசுமாப் என்ற எம்எஸ் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. டி அணுக்கள் ரத்தக்குழாயிலிருந்து மூளைக்குள் நுழையாமல் வாசலிலேயே நிறுத்தும் மருந்து. எம்எஸ் தாக்குதல்களை நன்றாகக் குறைத்தது. 2005 பிப்ரவரியில் அதைத் திரும்பப் பெற்றார்கள், நோயாளிகளுக்குப் பிஎம்எல் வந்திருந்தது. மறு ஆண்டு கட்டுப்பாடுகளோடு அனுமதித்தார்கள். இன்று ஜேசி வைரஸ் ஆன்டிபாடி எவ்வளவு இருக்கிறது என்று ரத்தத்தில் பார்த்துத்தான் அதைத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்கிறார்கள். பிஎம்எல் வந்தவருக்கு மருந்தை உடம்பிலிருந்து வெளியேற்றினால் தடுக்கப்பட்டிருந்த டி அணுக்கள் ஒரேயடியாக உள்ளே பாய்ந்து, அந்தப் பாய்ச்சலே மூளையைச் சேதப்படுத்துவதும் உண்டு. எஸ்ஜேஎல் எலியின் இரண்டு பக்கமும் ஒரே மனிதரிடம், ஒரு சில வாரங்களுக்குள்.

அப்படியானால் மஜ்ஜை மாற்று எம்எஸ்ஸுக்கு ஆகாதா? ஆகிறது, ஆட்களைப் பொறுத்து. 2019-இல் பர்ட் குழுவே, எலியை முன்வைத்து எச்சரித்த அதே பர்ட், 110 நோயாளிகளை இரண்டாகப் பிரித்துச் சோதித்ததை வெளியிட்டது. மஜ்ஜைவழிச் சிகிச்சை பெற்றவர்களில் 3 பேருக்கும், வழக்கமான மருந்துகள் பெற்றவர்களில் 34 பேருக்கும் நோய் முன்னேறியது. சிகிச்சையால் யாரும் இறக்கவில்லை. பெரிய வித்தியாசம்தான். இருந்தாலும் ஒப்பிட்ட மருந்துகளில் இன்றைக்கு இருக்கும் மிக வலுவானவை இடம்பெறவில்லை என்பதைச் சேர்த்தே படிக்க வேண்டும். 2016-இல் கனடாவின் ஒட்டாவா குழு இன்னும் கடுமையான கீமோ கொடுத்துச் செய்தது: 24 பேரில் ஒருவர் சிகிச்சையாலேயே இறந்தார், மற்ற 23 பேரில் யாருக்கும் மறுபடி தாக்குதல் வரவில்லை. இந்தச் சோதனைகள் எல்லாம் நோய் இன்னும் சுறுசுறுப்பாக, வீக்கத்தோடு இருப்பவர்களிடம் நன்றாகப் பலிக்கின்றன. வருடக்கணக்காகச் சக்கர நாற்காலியில் இருப்பவரிடம் பலிப்பது குறைவு. ஈஏஈ எலி சொன்னது சரியாக இருந்தது.

வைரஸ் எலி சொன்னது? 2022 ஜனவரியில் ஹார்வர்டு குழு, அமெரிக்க ராணுவத்தினர் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரின் பதிவுகளிலிருந்து எம்எஸ் வந்த 955 பேரைக் கண்டெடுத்து, அவர்களில் 801 பேரின் பழைய ரத்த மாதிரிகளைப் பார்த்தது. எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றியவர்களுக்கு எம்எஸ் வரும் அபாயம் 32 மடங்கு. நமக்கு இந்த வைரஸ் புதிதில்லை, இங்கே சீனர்களிடையே அதிகம் காணப்படும் மூக்குத்தொண்டைப் புற்றுநோயோடு தொடர்புள்ளது இதுதான். கிட்டத்தட்ட எல்லோருக்கும் சிறு வயதிலேயே தொற்றிவிடும். அப்படியென்றால் எம்எஸ்ஸும் ஒரு வைரஸ் நோய்தானே, மஜ்ஜை மாற்றிய மனிதர்கள் ஏன் எஸ்ஜேஎல் எலி போலச் சாகவில்லை? என் கணிப்பு இது: இந்த வைரஸ் குடியிருப்பது முக்கியமாக, வெள்ளணுக்களில் இன்னொரு வகையான பி அணுக்களில். மாற்றுச் சிகிச்சையில் கொடுக்கும் மருந்து டி அணுவோடு சேர்த்து அந்த பி அணுக்களையும் பெருமளவில் அழிக்கிறது. காவலாளியோடு சேர்த்துத் திருடன் தங்கிய அறையும் இடிக்கப்படுகிறது. பி அணுக்களை மட்டும் ஒழிக்கும் ஓக்ரெலிசுமாப் போன்ற மருந்துகள் எம்எஸ்ஸில் இவ்வளவு நன்றாக வேலை செய்வதும் அதோடு பொருந்தி வருகிறது. தைலர் வைரஸோ மூளைக்குள்ளேயே, கீமோவும் கதிர்வீச்சும் அழிக்காத அணுக்களில் இருந்தது. அதனால்தான் எலி செத்தது, மனிதர் பிழைத்தார். ஆனால் சிகிச்சைக்குப் பின் எப்ஸ்டீன்-பார் உட்படப் பழைய வைரஸ்கள் தலைதூக்குவது உண்மை. அதற்காகவே மாதக்கணக்கில் வைரஸ் தடுப்பு மாத்திரைகளும், ரத்தப் பரிசோதனைகளும், பிறகு குழந்தைக்குப் போடுவது போல மறுபடி தடுப்பூசிகளும்.

கோலாலம்பூரில் இருப்பவர்களுக்காக ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மஜ்ஜை மாற்று இங்கே புதிதில்லை. 1987-இலேயே பல்கலைக்கழக மருத்துவமனையில் தொடங்கியது, இன்று அம்பாங் மருத்துவமனை ரத்த நோய்களுக்கான தேசிய மையம். லுக்கேமியா, தலசீமியா குடும்பங்களுக்கு இந்தப் பெயர்கள் தெரியும். ஆனால் 'ஸ்டெம் செல்' என்ற ஒரே சொல்லின் கீழே இரண்டு வேறு பொருட்கள் விற்கப்படுகின்றன. ஒன்று, நான் மேலே சொன்னது: மருந்தால் மூல அணுக்களை ரத்தத்துக்கு வரவழைத்துச் சேகரித்து, உறைய வைத்து, கடும் கீமோ கொடுத்து எதிர்ப்புச் சக்தியை அழித்து, அணுக்களைத் திருப்பி ஏற்றி, வாரக்கணக்கில் தனியறையில் காத்திருக்கும் சிகிச்சை. இன்னொன்று, தொப்புள்கொடியிலிருந்தோ கொழுப்பிலிருந்தோ எடுத்த வேறு வகை அணுக்களை ஒரு மணி நேரத்தில் டிரிப்பில் ஏற்றி வீட்டுக்கு அனுப்புவது. கீமோ கிடையாது. பழைய டி அணுக்கள் அப்படியே இருக்கும். முதலாவதன் சோதனை முடிவுகளைக் காட்டி இரண்டாவதை விற்கிறார்கள். தங்கை விசாரித்த ஒரு கிளினிக்கில் அவளுக்குக் காட்டியது அந்த எலி வீடியோவேதான்; சொன்ன தொகை பல்லாயிரம் வெள்ளி. கீமோ உண்டா என்று அவள் கேட்டதற்கு, "அதெல்லாம் வேண்டாம், பாதுகாப்பானது" என்றார்களாம். கீமோ இல்லையென்றால் அந்த வீடியோவுக்கும் அவர்கள் ஏற்றப்போவதற்கும் சம்பந்தமே இல்லை. எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

போன சனிக்கிழமை அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னேன். காலண்டரின் பின்பக்கத்தில் இரண்டு எலிகளை வரைந்து, ஒன்றின் முதுகில் சின்னதாகப் புள்ளிகள் வைத்தேன். மாப்பிள்ளை அந்தப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அப்ப எலி கடிச்ச வயரை மாத்துறதுக்கு முன்னாடி, எலி இன்னும் சீலிங்ல இருக்கான்னு பாக்கணும்" என்றார். தங்கை எழுந்துபோய்ப் பள்ளி நோட்டை எடுத்து வந்தாள். அடுத்த வாரம் நரம்பியல் கிளினிக்கில் அவளுக்குச் சந்திப்பு. மேலே தேதி போட்டு, சிவப்புப் பேனாவில் முதல் வரியாக எழுதினாள்: எனக்கு ஜேசி வைரஸ் ஆன்டிபாடி எடுத்தீங்களா, எவ்வளவு? இரண்டாவது வரி: என் எம்எஸ் இப்போ வீக்கத்தோட இருக்கா, இல்லை அந்தக் கட்டம் தாண்டிருச்சா? மூன்றாவதை எழுதத் தொடங்கிவிட்டுப் பேனாவை நிறுத்தி, "அண்ணா, செத்துப்போன அந்த எலிங்க பேரு என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள். எஸ்ஜேஎல் என்றேன். அதையும் எழுதிக்கொண்டாள்.